மூன்றாவது ஒற்று

ஓர் ஒற்று விட்டுப்போனால் குடியா முழுகிவிடும் என்று யாராவது என் முன்னால் சொன்னால், எனக்கு இந்த வயதிலும் பற்றிக்கொண்டு வரும். முழுகும் ஐயா, முழுகும். நான் கண்ணால் பார்த்தவள். பார்த்தது மட்டுமா, அதற்காக அறையும் வாங்கினவள். அந்த அறை நியாயமா அநியாயமா என்று எனக்குள்ளேயே ஒரு வழக்கு இன்றுவரை நடந்துகொண்டிருக்கிறது.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது ஒன்பதாவது வயதில். அதுவும் படிப்புக்காக இல்லை. ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருடம் அது. எங்கள் ஊர் காஜா பெராங்கில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பிள்ளைகளே மண்ணைக் கொத்தி ஊபி நட்டிருக்கிறார்கள், மத்தியானம் அதை அவித்து ஆளுக்கு இரண்டு துண்டு கொடுக்கிறார்கள் என்று அம்மாவின் காதில் விழுந்தது. மரவள்ளிக்கிழங்கைத்தான் எங்கள் ஊரில் ஊபி என்போம். அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாகிப்போன காலம். தம்பியைத் தூக்கிக்கொண்டு திரிய வீட்டில் ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று அதுவரை என்னைப் பிடித்து வைத்திருந்த அம்மா, மறுநாளே எண்ணெய் காணாத தலையை இழுத்து வாரி என்னைப் பள்ளிக்கு விரட்டிவிட்டாள். படிக்க வேண்டும் என்று நான் இரண்டு வருடம் அழுத அழுகைக்கு அசையாதவள் இரண்டு துண்டுக் கிழங்குக்கு அசைந்தாள்.

ஒன்பது வயதுக்காரியை ஆறு வயதுப் பொடிசுகளோடு தரையில் உட்கார வைத்தார்கள். என் முழங்கால் அவர்கள் தோளில் இடித்தது. ஆவன்னாவுக்குச் சுழி எந்தப் பக்கம் போடுவது என்று நான் விழித்தபோது, மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பயல் என் சிலேட்டில் கை வைத்துப் போட்டுக் காட்டினான். நறுக்கென்று கிள்ளிவிட்டேன். சேர்ந்த முதல் நாளே முட்டி போட்டவள் அந்தப் பள்ளியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வாத்தியார் மோசமானவர் இல்லை, பசித்தவர். பாடம் நடக்கும்போதே அவர் கண் ஊபிப் பானைப் பக்கம் போய்ப் போய் வரும். காலையில் கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிட்டு, ஜப்பான் பாட்டு ஒன்றைப் பொருள் தெரியாமல் கத்தி முடித்ததும், ஒரு சின்னப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து ஜப்பான் எழுத்தைக் கரும்பலகையில் வரைவார். முந்தின நாள்தான் அவரே அதைக் கற்றுக்கொண்டிருப்பார். கோடு ஒன்று கூடவும் இழுப்பார், குறையவும் இழுப்பார். அதற்கு அவரைக் குட்ட யாரும் இல்லை. ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் மனிதருக்கு வேறு முகம். விட்டுப்போன ஒவ்வோர் ஒற்றுக்கும் தலையில் ஒரு குட்டு.

எனக்கோ எழுத்துகள் சீக்கிரம் வந்துவிட்டன, ஒற்று மட்டும் வரவில்லை. நாலாம் மாதம், எங்கள் ஊரைப் பற்றி நான்கு வரி எழுதச் சொன்னார். 'எங்கள் ஊர் மகள் நல்லவர்கள்' என்று எழுதி நீட்டினேன்.

"எந்த வீட்டு மகள் புள்ள?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. "மகளுக்கும் மக்களுக்கும் நடுவுல ஒரு க் இருக்கு. அத நீ தின்னுட்ட."

வகுப்பே சிரித்தது. நான் கிள்ளிய பயல் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். மூக்குக்கு மேல் கோபம் வந்தது எனக்கு. இனி என் வாழ்நாளில் ஓர் ஒற்றையும் விடுவதில்லை என்று அன்று சபதம் எடுத்தேன். வெறும் மகள், அழுத்திச் சொன்னால் மக்கள். பாகு, பாக்கு. கதி, கத்தி. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். சவர்க்காரம் சுற்றிய தாள், சுவரில் தொங்கிய பழைய நாட்காட்டி, கோயில் தூணில் பொறித்திருந்த பெயர்கள். ஜாலான் பெண்டஹாரா தெருவில் ஒரு பாய் கடையின் பலகையில் 'துணிகடை' என்று எழுதியிருப்பதைக் கண்டுபிடித்து உள்ளே போய் அவரிடமே சொன்னேன். கடையில் காலித் தட்டுகளுக்கு நடுவே ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "துணியே இல்ல, ஒத்து எதுக்கும்மா?" என்றார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அந்த மாதத்தில்தான் மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மாமா என்றால் அம்மாவின் தம்பி, எங்களோடு இருந்தவர். பண்டார் ஹிலிர் பக்கம் சும்மா படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான் அபாங் என்று கூப்பிடும் பின்வீட்டு அண்ணனையும் இழுத்துக்கொண்டு போனார். படம் பார்க்க வந்தவர்களைச் சுற்றி வளைத்து லாரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்கு அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டு உட்கார வைத்துப் பிடிப்பவர்களை என்னவென்று சொல்வது? அம்மா மூன்று நாள் வயிற்றிலும் வாயிலும் அடித்துக்கொண்டாள்.

பின்வீட்டு அபாங் மாக் லோங்கின் ஒரே மகன். மாக் லோங், அதாவது பெரியம்மா, செட்டி வம்சத்தவள்; பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசத் தொடங்கிவிட்ட தமிழர் வழி. எங்களைப் போலவே அம்மன் கோயிலுக்குப் போவாள், வாசலில் மாவிலைத் தோரணம் கட்டுவாள், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. ஆனால் அவள் வாயில் தமிழ் வராது. அம்மனிடமும் மலாயில்தான் பேசுவாள். உடுத்துவது கைலியும் கெபாயாச் சட்டையும். அந்தச் சட்டைக்குப் பொத்தான் கிடையாது. முன்னால் மூன்று தங்க ஊசிப்பதக்கங்களைக் குத்தி மூட்டுவார்கள். கெரோசாங் என்று அதற்குப் பெயர். ஜப்பான்காரன் வந்ததும், தன் அம்மா யாரிடமாவது உளறிவிடுவாள் என்று பயந்து, அவளுடைய கெரோசாங்கை அவளுக்கே சொல்லாமல் அபாங் எங்கோ ஒளித்துவைத்துவிட்டான். இடத்தைச் சொல்வதற்கு முன்னால் படம் பார்க்கப் போய்விட்டான். அதன் பிறகு மாக் லோங் சட்டையைத் துருப்பிடித்த மூன்று ஊக்குகளால் மூட்டிக்கொண்டு நடமாடினாள்.

சயாமுக்கு ஆள் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பும் ஒரு கங்காணி இருந்தான். புகையிலை கொடுத்தால் கடுதாசி கொண்டுவருவான். இரண்டு மாதம் கழித்து மாமாவின் முதல் கடுதாசி அவன் கையில் வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அப்பா செமாபோக்கில் ஓர் எண்ணெய் ஆலையில் வேலை, சாயங்காலம்தான் வருவார். நான்தான் வாசித்தேன். ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, பொருள் வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குத் தாவி, அரைப் பக்கம் வாசிக்க ஒரு பொழுது ஆயிற்று. இருவரும் ஒரே கொட்டகையில்தான் இருக்கிறோம், சௌக்கியம் என்று மாமா எழுதியிருந்தார். அம்மா அழுதுகொண்டே என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அப்பா வந்து அதே கடுதாசியை ஒரே மூச்சில் வாசித்து முடித்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாள் மாக் லோங் வேலி இடுக்கு வழியாக என்னைக் கூப்பிட்டாள். மகனுக்குக் கடுதாசி எழுத வேண்டும். அபாங்குக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கு அனுப்பினால் ஆற்றங்கரைக்குப் போய்விடுவானாம். மாமாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். உறவுக்காரர் யாரிடமாவது ரூமி என்கிற இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வாங்கினால் நகைச் செய்தி ஊர்ச் செய்தியாகிவிடும். ஆகவே அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அவள் மலாயில் சொல்ல வேண்டும். நான் அந்தச் சத்தத்தை அப்படியே தமிழ் எழுத்தில் எழுத வேண்டும். அங்கே மாமா அதை வாய்விட்டு வாசித்தால் அபாங் கேட்டுப் புரிந்துகொள்வான். பதிலும் அதே வழியில் வரும்.

மலாயைத் தமிழில் எழுதுவது லேசில்லை. அவர்கள் வாயை இறுக்கிச் சொல்லும் ப ஒன்று, விட்டுச் சொல்லும் ப ஒன்று. நமக்கோ இரண்டுக்கும் ஒரே ப. நடுவில் க வந்தால் இன்னும் கஷ்டம். தனியாக நின்றால் மகள் மாதிரி மெத்தென்று ஒலிக்கும், ஒற்றுச் சேர்ந்தால் மக்கள் மாதிரி அழுந்தும். இதில்தானே நான் குட்டு வாங்கினேன்? நாட்காட்டித் தாளின் பின்புறத்தில், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, ஒற்று ஒன்றும் விடாமல் எழுதிக் கொடுத்தேன். சாமானை எங்கே வைத்தாய், அம்மாவுக்குப் பசிக்கிறது. அவ்வளவுதான் செய்தி. மாக் லோங் என் தலையைத் தடவி, "பிந்தார்" என்றாள். கெட்டிக்காரி என்று பொருள். படித்ததற்கு எனக்குக் கிடைத்த முதல் பட்டம் அதுதான்.

அதற்குப் பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. வருடக் கடைசிக்குள் மூன்று வகுப்புப் புத்தகங்களைத் தின்று தீர்த்திருந்தேன். வாத்தியாருக்குப் பசி மயக்கம் அதிகமாகிவிட்டதால், மற்றப் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்தும் வேலையை என்னிடம் விட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். நான் கிள்ளிய பயலுக்கு ஒற்றுக்கு ஒரு குட்டு வீதம் நானே வைத்தேன். பிழையை வாய்விட்டு வாசிக்கக் கூடாது, முதலில் திருத்து, பிறகு வாசி என்பது வாத்தியாரின் சட்டம். பிழையை வாசித்தால் நாக்கும் பிழையாகிவிடுமாம். அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அப்படி நான் கொம்பு முளைத்துத் திரிந்த சமயத்தில், ஒரு மத்தியானம் கங்காணி மறுபடி வந்தான். மாமாவுக்குக் காய்ச்சல், அதனால் அவர் கடுதாசி தரவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பின்வீட்டுக்குப் போனான். மாக் லோங்குக்கு ஒரு கடுதாசி இருந்தது. சிமெண்டுப் பையிலிருந்து கிழித்த தாள், உள்ளங்கையளவு. அவள் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வேலி இடுக்கில் வந்து நின்றாள்.

பிரித்துப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கரிக்கட்டையால் எழுதியது போல் இருந்தது. எழுத்துகள் ஒன்று யானையாகவும் ஒன்று எறும்பாகவும் நின்றன. துணைக்காலை எழுத்தை விட்டுத் தள்ளிப் போட்டிருந்தது, கொம்பு சாய்ந்து விழுந்திருந்தது. மாமாவின் எழுத்தே இல்லை. காய்ச்சலில் அவர் எழுதவில்லையென்றால் வேறு எந்தத் தற்குறியைப் பிடித்து எழுதி வாங்கினான் இந்த அபாங் என்று நினைத்தேன். தாளில் இருந்தது மொத்தமே நான்கு சொல். 'மா' என்று தொடக்கம். பிறகு 'பெதி பகார் பெலகாங்'.

ஒற்று எங்கே? பெட்டியைத்தான் அவர்கள் பெத்தி என்பார்கள். பெதி என்று ஒரு சொல்லே கிடையாது. பின்பக்கம் என்பது பெலக்காங். பெலகாங் என்று எந்த மலாய்க்காரனும் சொல்லமாட்டான். எழுதினவன் இரண்டு சொல்லில் ஒற்றைத் தின்றுவிட்டான் என்றால் மூன்றாவதில் மட்டும் தின்னாமல் விட்டிருப்பானா? காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தேன். வாத்தியாரின் சட்டப்படி முதலில் திருத்தினேன். ஒரு த், ஒரு க், இன்னொரு க். மூன்று ஒற்றையும் அழகாகச் சின்னதாக இடையில் செருகினேன். பிறகுதான் வாய்விட்டு வாசித்தேன்.

"பெத்தி பக்கார் பெலக்காங்."

பக்கார் என்றால் கொளுத்து. பெட்டியைப் பின்பக்கம் வைத்துக் கொளுத்து.

மாக் லோங்கின் முகம் வெளுத்துவிட்டது. "பெத்துல் கா?" என்றாள். நிஜம்தானா என்று என்னையே கேட்கிறாள்! கெட்டிக்காரி என்று சொன்ன அதே வாய்! இன்னும் ஒருமுறை உரக்க வாசித்தேன். மற்றப் பிள்ளைகளுக்கே திருத்துகிறவள் நான், எனக்குத் தெரியாதா என்று மலாயில் பொரிந்து தள்ளினேன்.

வீட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. அபாங்கின் பெட்டி. அதைத் திறந்தாள். அவன் முன்பு ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமையல்கட்டு வேலை பார்த்தவன். அந்த வீட்டில் போட்டுக்கொண்ட வெள்ளைச் சட்டைகள் பித்தளைப் பொத்தானோடு மடித்து வைத்திருந்தன. அடியில் ஒரு புகைப்படம். துரையும் அவர் மனைவியும் நாற்காலியில், பின்னால் நின்றுகொண்டு அபாங். அதைப் பார்த்ததும் மாக் லோங்குக்கு எல்லாம் புரிந்துபோயிற்று, அதாவது புரிந்துபோனதாக நினைத்தாள். வெள்ளைக்காரனிடம் வேலை செய்தவர்கள் வீட்டைச் சோதனை போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதற்குப் பயந்துதான் மகன் இப்படி எழுதியிருக்கிறான். சட்டைகளை மடிப்பு மடிப்பாக உதறிப் பார்த்தாள். கெரோசாங் இல்லை.

படத்தை மட்டும் அவளால் விட முடியவில்லை. அபாங் நிற்கும் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்கிறேனே என்றாள். என்னிடம் அனுமதி கேட்கிறாள், ஒன்பது வயதுக் குரங்கிடம். நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஒரு துண்டு இருந்தாலும் ஜப்பான்காரன் வருவான், அபாங் எல்லாவற்றையும் கொளுத்தத்தான் சொல்லியிருக்கிறான், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடி செய்ய வேண்டும். அவள் படத்தை முகத்தில் வைத்து மோந்துவிட்டுப் பெட்டியிலேயே போட்டாள்.

வீட்டுக்குப் பின்னால், வேலிக்கு முன்னால், பெட்டியை இழுத்துப் போட்டுத் தேங்காய் மட்டை அடுக்கிக் கொளுத்தினோம். நன்றாக எரிந்தது. கடைசியில் கடுதாசியும் சாட்சிதானே என்று எனக்குத் தோன்றியது. அதையும் நானே தீயில் போட்டேன். மாக் லோங் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழை பிழையாக எழுதின ஒரு தாள், அதற்கென்ன என்றுதான் எனக்கு இருந்தது. எழுதின தற்குறிக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று, இனிமேல் ஒற்றுப் போட்டு எழுதவும் என்று தனியாக ஒரு தாளில் எழுதிக்கூட வைத்தேன். கங்காணி அப்புறம் வரவே இல்லை.

சாமான் எங்கே என்று கேட்டதற்கு மகன் பதில் சொல்லவில்லையே என்று மாக் லோங் பல நாள் யோசித்தாள். பிறகு அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். நகையை விற்றுத் தின்றுவிட்டான், அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பேச்சை மாற்றிவிட்டான். அம்மாவிடம் இதைச் சொல்லி அழுதாள். திருடன் என்றுகூட ஒருநாள் சொன்னாள். இருந்த கைலிகளை ஒவ்வொன்றாக அரிசிக்கும் உப்புக்கும் மாற்றினாள். ஊக்கு ஒன்று முறிந்தபோது அந்த இடத்தில் நூலால் தைத்துக்கொண்டாள். ஆனாலும் லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுவதை மட்டும் அவள் நிறுத்தவில்லை.

ஜப்பான்காரன் தோற்றுப்போய்ச் சில மாதம் கழித்து மாமா வந்தார். அடையாளமே தெரியவில்லை. காலில் பெரிய புண் ஆறிய தழும்பு. அம்மா கட்டிப்பிடித்துக் கதறும் சத்தம் கேட்டு மாக் லோங் வேலி இடுக்கைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"மானா அனாக் சாயா?" என்றாள். என் பிள்ளை எங்கே?

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். கழிச்சல் கண்டு இரண்டே நாளில் போய்விட்டான் என்று மலாயில் சொன்னார். அவள் அழவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டே இருந்தாள். அவளைப் பேச வைக்க வேண்டும் என்று நினைத்தோ என்னவோ, மாமா கேட்டார், பெட்டி கிடைத்ததா என்று. எந்தப் பெட்டி என்று அம்மா கேட்டாள்.

"பின்னால வேலியோரம் பொதச்சு வச்ச பெட்டி. பகார் பெலக்காங். அவன்தான் எழுதினானே."

"அது பக்கார்!" என்று நான் கத்தினேன். "கொளுத்தச் சொல்லித்தான் எழுதியிருந்திச்சு!"

"பகார்டி. வேலி."

வேலி! அது எனக்குத் தெரியாத சொல்லா? தினமும் அதன் இடுக்கில்தானே நுழைகிறேன்! மாமா எழுந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நொண்டி நொண்டிப் பின்பக்கம் போனார். நாங்கள் பெட்டியை எரித்த இடத்திலிருந்து நாலு எட்டுத்தான். முழங்கை ஆழத்தில் ஒரு சின்ன பிஸ்கட் டின் தட்டுப்பட்டது. அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றி மூன்று கெரோசாங். மினுமினுவென்று ஒரு குறையும் இல்லாமல் இருந்தன.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மூன்று சொல்லில் இரண்டு பிழையாக எழுதிவிட்டு ஒன்றை மட்டும் சரியாக எழுதினால் யாருக்குத் தெரியும்? அது சரியா பிழையா என்று நான் ஜோசியமா பார்ப்பேன்?

"ஒத்துப் போடத் தெரியாதவன்கிட்ட எழுதி வாங்கினா அப்படித்தான்!" என்றேன்.

"யார்கிட்டயும் எழுதி வாங்கல," என்றார் மாமா. "அவனே எழுதினான்."

பிறகு மாக் லோங்கைப் பார்த்து மலாயில் சொன்னார். என் கடுதாசியை மாமா வாசித்துக் காட்டிய நாளிலிருந்து, அந்த எழுத்தைத் தனக்கும் காட்டச் சொல்லிப் பிடித்துக்கொண்டானாம். ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் மூங்கில் பட்டையில் கரியால் எழுதிப் பார்ப்பானாம். எழுத்துகள் வந்துவிட்டன, ஒற்றுதான் கடைசிவரை வரவில்லையாம். பதில் எழுதும் சமயத்தில் மாமா காய்ச்சலில் கிடந்தார். எப்படியாவது நானே எழுதித் தருகிறேன் என்று அவர் சொன்னதற்கு, வேண்டாம், அம்மாவுக்கு என் கையால் எழுத வேண்டும் என்றானாம். அந்த நான்கு சொல்லுக்கு ஒரு முழு ஓய்வு நாள் ஆயிற்றாம்.

நான் அதைக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. ஆனால் எனக்கு அதிலிருந்து கிடைத்ததெல்லாம் ஒரே ஒரு நியாயம்தான். மாமாவைப் பார்த்து விரலை நீட்டினேன்.

"அப்ப நீங்கதான் சரியாச் சொல்லிக் குடுக்கல! தப்பு உங்க மேல!"

அம்மா அறைந்தாள். காது அடைத்துப்போயிற்று. இன்னொரு முறை கையை ஓங்கினாள். மாக் லோங் நடுவில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். டின்னையும் நகையையும் அவள் தொடக்கூட இல்லை, மண்ணிலேயே கிடந்தன. குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, அந்தத் தாள் எங்கே என்று கேட்டாள்.

எரித்துவிட்டேன் என்றேன். நீதானே பார்த்துக்கொண்டிருந்தாய் என்றும் சொன்னேன்.

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம், பார்த்தேன் என்றாள். உள்ளே போய்ச் சுவர் நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"துலிஸ் மச்சாம் டியா துலிஸ்."

அவன் எழுதின மாதிரியே எழுது.

என் கன்னம் எரிந்தது, மூக்கு ஒழுகியது, விக்கல் விட்டபாடில்லை. ஆனாலும் பென்சிலை வாங்கிக்கொண்டேன். என் மேல் ஒரு பிழையும் இல்லை என்பதை இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். மண்டியிட்டு உட்கார்ந்து, தாளை முழங்காலால் அழுத்திக்கொண்டு, பள்ளியில் நான் எழுதியதிலேயே மிக அழகான எழுத்தில் எழுதினேன். எழுத்துகளை ஒரே உயரத்தில் நிறுத்தினேன். காலை ஒட்டிப் போட்டேன். கொம்பை நிமிர்த்தினேன். 'மா' என்று விட்டிருந்ததை, அம்மாவுக்கு அவர்கள் சொல்லும் 'மாக்' ஆக்கினேன். பெத்திக்கு ஒரு த் கொடுத்தேன், பெலக்காங்குக்கு ஒரு க் கொடுத்தேன். பகாருக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

மாமா என் தோளுக்கு மேல் குனிந்து அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மாக் லோங்கின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார். சொல்லியிருக்கலாம். அன்று அவர் சொல்லியிருந்தால் எனக்கு விளங்கியிருக்குமோ என்னவோ, ஆனால் சொல்லியிருக்கலாம்.

மாக் லோங் தாளை வாங்கி, ஒவ்வோர் எழுத்தின் மேலும் மெல்ல விரலை ஓட்டினாள். என் தலையைத் தடவி, "பிந்தார்" என்றாள். பிறகு அதை நாலாக மடித்து, டின்னிலிருந்த கெரோசாங்கை வெளியே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைத்து மூடினாள். சாகும்வரை அதை அவள் தலைமாட்டிலேயே வைத்திருந்தாள். அதில் ஒரு பிழைகூட இல்லை.